மலையும் சேர்ந்து ஆடும் மைதானங்கள்

ஸ்விட்சர்லாந்தில் குடியிருப்பவனுக்கு ஊரிலிருந்து வரும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். டிட்லிஸ் போகலாமா, யுங்ஃப்ராவ் போகலாமா, எந்த ரயில் பாஸ் லாபம், நம்ம ஊர்ச் சாப்பாடு எங்கே கிடைக்கும். கோல்ஃப் ஆடுகிறவன் என்று தெரிந்துவிட்டால் கூடுதலாக ஒன்று சேர்ந்துகொள்ளும்: "அங்கே டாப் டென் மைதானம் எதெதுன்னு ஒரு லிஸ்ட் அனுப்பு." போன வருடம் இப்படிக் கேட்டவர் சென்னையில் எனக்கு முதல் மேலாளராக இருந்தவர். ஓய்வு பெற்ற பிறகு விடிந்ததும் விடியாததுமாக நந்தனம் மைதானத்துக்குப் போய்விடுகிற மனிதர். "தம்பி, மூணு நாலு மைதானம் போதும். வியூ பிரமாதமா இருக்கணும், அவ்வளவுதான்" என்றார். "சார், இங்கே வியூ இல்லாத மைதானத்தைத்தான் தேடிக் கண்டுபிடிக்கணும்" என்று சிரித்துச் சமாளித்தேன். ஆனால் அந்த "அவ்வளவுதான்" பல நாள் உறுத்திக்கொண்டே இருந்தது.

இணையத்தில் கிடைக்கும் பட்டியல்கள் எல்லாமே அந்த "அவ்வளவுதான்" ரகம். உயரமான ஒரு டீயில், அதாவது முதல் அடி அடிக்கும் மேடையில், நின்று எடுத்த படம். கீழே பச்சை, நடுவில் ஊசியிலை மரங்கள், மேலே பனிச் சிகரம். பெயர்களை அழித்துவிட்டுப் படங்களை இடம் மாற்றி ஒட்டினால் ஒருவருக்கும் தெரியாது. நாடு முழுக்க சுமார் நூறு மைதானங்கள் இருக்கின்றன. அவற்றில் நிறைய, மலையிலேயே இல்லை. ஜெனீவாவிலிருந்து சூரிக் பக்கம் வரை நீளும் தாழ்ந்த நிலத்தில் இருக்கின்றன. ஜெனீவா ஏரிக்கரையில் கிளாண்ட் என்ற ஊரில் அமெரிக்கரான பீட் டை வடிவமைத்த டொமேன் இம்பீரியல் இருக்கிறது. ஜெனீவாவை ஒட்டிய கோலோனியில் ராபர்ட் ட்ரென்ட் ஜோன்ஸ் வடிவமைத்த மைதானம் இருக்கிறது. இரண்டும் நல்ல மைதானங்கள், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் இரண்டையும் அப்படியே பெயர்த்துக்கொண்டுபோய் ஃப்ளோரிடாவில் வைத்தாலும் ஆட்டம் மாறாது. தூரத்தில் தெரியும் மோன் பிளாங்க் சிகரம் போகும், அவ்வளவே. இத்தனை தூரம் மலைநாட்டுக்கு வருகிறவருக்குச் சொல்ல வேண்டியது வேறு ஏதோ என்று தோன்றியது. அது என்ன என்பது எனக்கே சட்டென்று பிடிபடவில்லை.

மெல்லிய காற்றின் கணக்கு

மலை மைதானம் என்றதும் எல்லோரும் முதலில் சொல்வது, பந்து அதிக தூரம் போகும் என்பது. கிளப் உணவகத்தில் உட்கார்ந்தால் பத்து சதவீதம், பதினைந்து சதவீதம் என்று ஏலம் ஏறிக்கொண்டே போகும். பந்து செய்கிறவர்கள் சொல்லும் கணக்கு இதைவிட அடக்கமானது: ஆயிரம் அடி உயரத்துக்கு ஒரு சதவீதத்துக்குச் சற்று மேல். அதாவது 1,500 மீட்டர் உயரத்தில் ஆறு சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவு, 1,700 மீட்டரில் ஆறரை. கடல் மட்டத்தில் 140 மீட்டர் போகிற ஏழாம் நம்பர் அயர்ன் மட்டையின் அடி இங்கே 149-ஐத் தொடும். ஒரு கிளப் (அதாவது ஒரு மட்டை) வித்தியாசம், அதற்கு மேல் இல்லை.

அதிலும் ஒரு பிடித்தம் உண்டு. சென்னையில் 33 டிகிரியில் ஆடிப் பழகியவர் ஆல்ப்ஸில் காலை எட்டு மணிக்கு ஏழெட்டு டிகிரியில் ஆடினால், குளிர்ந்த காற்றின் அடர்த்தி உயரம் கொடுத்ததில் பாதியைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். பந்தும் குளிரில் விறைத்துப்போய் துள்ளாது. பட்டியல் போடுகிறவர்கள் இதைச் சொல்வதே இல்லை.

எனக்குச் சுவாரசியமாகப் படுவது தூரத்தைவிட வளைவுதான். காற்று மெலிந்தால் பந்தின் சுழற்சிக்குப் பிடிமானம் குறைகிறது. வலப்பக்கம் ஓடிப்போகும் என் ஸ்லைஸ் இங்கே கொஞ்சம் நிமிர்ந்துவிடும். அதே காரணத்தால், கிரீனில், அதாவது குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்லில், விழுந்து நிற்க வேண்டிய உயரமான ஷாட்டும் எதிர்பார்த்த அளவு எழும்பாமல் தாழ்ந்து வந்து விழுந்து ஓடிவிடும். நம் குறையை மறைத்துவிட்டு நம் திறமையிலும் கை வைக்கிற காற்று. உயரமான மைதானங்களில் தேர்ந்த ஆட்டக்காரர்கள் ஆடினால் அடிகளின் எண்ணிக்கை எங்கே போகும் என்பதற்குத் தென்மேற்கு மலையூரான கிரான்ஸ் மொன்டானாவே சாட்சி. 1971-இல் அங்கே நடந்த ஸ்விஸ் ஓபனில் இத்தாலியரான பால்டோவினோ டாசு பதினெட்டுக் குழிச் சுற்று ஒன்றை 60 அடிகளில், அதாவது பந்தை 60 முறை அடித்து, முடித்தார். 1978-இல் ஸ்பெயினின் கனிசாரெஸ் ஒன்பது குழிகளை 27 அடிகளில் முடித்தார். குழிக்கு மூன்றே அடி. கையில் மட்டையைத் தொட்டவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

கிரான்ஸ் மதில்

எல்லாப் பட்டியலிலும் முதல் இடம் கிரான்ஸுக்குத்தான். ரோன் நதிப் பள்ளத்தாக்குக்கு மேலே 1,500 மீட்டர் உயரத்தில் திண்ணை போட்டதுபோல ஒரு சமதளம். அதில் ஒரு ஊர். ஊருக்கு நடுவே மைதானம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் பயண ஏற்பாட்டாளர் ஹென்றி லன் போட்ட விதை. 1939 முதல் ஸ்விஸ் ஓபன் இங்கேதான் நடக்கிறது. இப்போது ஐரோப்பியன் மாஸ்டர்ஸ் என்று பெயர். எதிரே வானத்தை அடைத்துக்கொண்டு நாலாயிரம் மீட்டர் சிகரங்களின் வரிசை. படம் எடுக்க இதைவிட நல்ல இடம் கிடையாது, ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் அங்கே ஆடிவிட்டுத் திரும்பும்போதெல்லாம் எனக்குள் ஏதோ ஒன்று நிறைவில்லாமல் இருக்கும். 1990களின் பிற்பகுதியில் ஸ்பெயின் ஆட்டக்காரர் செவே பாலஸ்டெரோஸ் கிரீன்களை மாற்றி அமைத்தார். மைதானத்துக்கு இப்போது அவர் பெயர்தான். சின்னச் சின்ன கிரீன்கள், நடுவில் உயர்ந்து நாலா பக்கமும் சரிகிறவை. சரியான இடத்தில் விழாத பந்து மெல்ல உருண்டு ஓரத்தில் போய்ச் சேரும். தொழில்முறை ஆட்டக்காரர்களே ஆரம்பத்தில் முகம் சுளித்தார்கள். எனக்கு அதில் புகார் இல்லை. கிரீனில் பந்தை உருட்டி பட் அடிக்கும்போது எல்லாமே ரோன் பக்கம் சரியும் என்று உள்ளூர்க்காரர்கள் சொல்வார்கள். கண்ணுக்கு மேடாகத் தெரிகிற பக்கம் பந்து இறங்குவதைப் பார்க்கும்போது அது ஓரளவு உண்மைதான் என்று தெரியும். ஆனால் டீக்கும் கிரீனுக்கும் நடுவே நம் கண்ணில் படுவது விடுதிகளும் அடுக்குமாடிகளும் வேலிகளும்தான்.

கிரான்ஸில் எல்லோரும் போய்ப் பார்க்கும் இடமும் ஒரு மதில்தான். 1993 போட்டியின் கடைசி நாள், பதினெட்டாம் குழி. வரிசையாக ஐந்து பேர்டி (குழிக்கு விதித்ததைவிட ஓர் அடி குறைவு) அடித்துவிட்டு வந்த செவே, கடைசி டீ ஷாட்டை வலப்பக்கம் தள்ளிவிட்டார். பந்து ஒரு நீச்சல் குளத்தின் மதிலுக்கு அருகே போய் நின்றது. முன்னால் ஆளுயர மதில், தலைக்கு மேலே மரக்கிளைகள், இரண்டுக்கும் நடுவே ஒரு சின்ன இடைவெளி. பக்கவாட்டில் ஃபேர்வேக்கு, அதாவது கிரீனுக்குப் போகும் புல் பாதைக்கு, அடித்துவிடுங்கள் என்று மட்டைப் பை சுமக்கும் கேடி பில்லி ஃபாஸ்டர் மன்றாடினார். செவே காதில் வாங்கவில்லை. மண்டியிட்டுப் பார்த்தார், எழுந்தார், பந்தை உயரத் தூக்கும் வெட்ஜ் மட்டையை எடுத்து அந்த இடைவெளி வழியாகவே அடித்தார். பந்து மதிலைத் தாண்டி, கிளைகளைத் தாண்டி, குளத்தைத் தாண்டி கிரீனுக்குக் கொஞ்சம் முன்னால் போய் விழுந்தது. அங்கிருந்து சின்னதாக ஒரு சிப் தட்டிக் குழியில் போட்டார். ஆறாவது பேர்டி. அப்படியும் ஒரே ஒரு அடியில் பாரி லேனிடம் தோற்றார் என்பது பலருக்கு மறந்தே போயிற்று. மதிலோரம் ஒரு பலகை வைத்திருக்கிறார்கள். மட்டை தொடாத பயணிகள்கூட அங்கே நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

அற்புதமான கதை. ஆனால் யோசித்துப் பாருங்கள்: கோல்ஃபில் ஆல்ப்ஸ் மலையின் மிகப் பெரிய கதையில் மலைக்கு வேலையே இல்லை. ஒரு மதில், ஒரு நீச்சல் குளம், ஒரு பிடிவாதக்காரர். சென்னையில் ஏதாவது ஒரு காம்பவுண்டு சுவருக்குப் பின்னாலும் இது நடந்திருக்கலாம்.

சமேடனில் மதியம்

நாட்டின் தென்கிழக்கு மூலையில், செயின்ட் மோரிட்ஸுக்குப் பக்கத்தில், எங்காடின் என்ற உயரமான பள்ளத்தாக்கு. அதில் 1,700 மீட்டர் உயரத்தில் சமேடன். 1893-இல் தொடங்கிய மைதானம். ஸ்விட்சர்லாந்தின் மிகப் பழைய 18 குழி மைதானம் இதுதான். 1923-இல் முதல் ஸ்விஸ் ஓபனும் இங்கேதான் நடந்தது. அந்தக் காலத்தில் கோடையைக் கழிக்க மலையேறிய ஆங்கிலேயர்கள் போன இடமெல்லாம் ஒன்பது குழியாவது தோண்டாமல் விட்டதில்லை. கொடைக்கானல் கோல்ஃப் கிளப் இதற்கு இரண்டே வருடம் இளையது, 1895.

பட்டியல்களில் சமேடன் பெரும்பாலும் ஆறு, ஏழாம் இடத்தில்தான் வரும். காரணம் புரிகிறது: மைதானம் ஏறக்குறைய தட்டை. லார்ச் மரங்கள், பழைய ஆற்றுப் படுகை, கோரைப்புல். பக்கத்திலேயே ஒரு விமான ஓடுதளம். ஐரோப்பாவின் மிக உயரமான விமான நிலையங்களில் அதுவும் ஒன்று. அழகு உண்டு, ஆனால் படத்தில் அடங்காது.

ஜூன் மாதக் காலை. சூரிக்கிலிருந்து ரயிலில் முந்தின நாளே போய்த் தங்கியிருந்தேன். காலையில் புல் மேல் உறைபனி. ஜூன் மாதத்தில்! சமேடன் பள்ளத்தாக்கின் அடியில் குளிர்காற்று தேங்கிவிடும்; அது கரையும் வரை யாரையும் கிரீன் மேல் கால் வைக்க விட மாட்டார்கள், மிதித்த இடத்தில் புல் கருகிவிடும் என்று. காத்திருந்த நேரத்தில் மேசையில் இருந்த பெண் என்னை ஓர் உள்ளூர்ப் பெரியவரோடு ஜோடி சேர்த்துவிட்டார். ஓய்வு பெற்ற ரயில் ஓட்டுநர். எழுபதைத் தாண்டியவர். பையில் ஏழெட்டு கிளப்தான் இருக்கும். அதையும் கையாலேயே இழுத்துக்கொண்டு வந்தார். "அலெக்ரா" என்று ரோமான்ஷ் மொழியில் வணக்கம் சொன்னார். அதற்குப் பிறகு நாலு குழி வரை ஒரு வார்த்தை பேசவில்லை.

முதல் ஒன்பதில் இலை அசையவில்லை. வெயில் ஏற ஏறப் பந்து பறந்தது. ஏதோ பத்து வயது குறைந்த மாதிரி நான் அடித்துக்கொண்டிருந்தேன். பெரியவர் என் ஷாட்டுகளையும் பார்க்கவில்லை, கொடியையும் பார்க்கவில்லை. ஒவ்வொரு டீயிலும் திரும்பி விமான நிலையத்தின் பக்கம் ஒரு பார்வை பார்ப்பார். அங்கே கம்பத்தில் காற்றின் திசை காட்டும் ஆரஞ்சுத் துணிப்பை செத்துத் தொங்கிக்கொண்டிருந்தது. பதினொன்றரை மணி வாக்கில் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "நீங்கள் நன்றாக ஆடுகிறீர்கள். இன்னும் அரை மணி நேரம் அப்படியே ஆடலாம்" என்றார். கிண்டலா பாராட்டா என்று புரியவில்லை.

பன்னிரண்டு மணிக்குக் கொஞ்சம் பிந்தித்தான் அந்தத் துணிப்பை முதலில் அசைந்தது. ஒரு தடவை புரண்டது, அடங்கியது. பிறகு பாதி நிமிர்ந்தது. நாங்கள் அடுத்த டீக்கு நடந்து சேர்வதற்குள் முழுதாக நிறைந்து விறைத்துக்கொண்டு நின்றது. லார்ச் மரங்கள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்தன. அடுத்தது செயின்ட் மோரிட்ஸ் பக்கம் பார்த்த ஒரு குட்டைக் குழி, சுமார் 150 மீட்டர். காலையில் அந்தத் தூரத்துக்கு ஏழாம் நம்பர் போதுமாக இருந்தது. பெரியவர் பையிலிருந்து நீளமான ஒரு மரக் கிளப்பை எடுத்தார். பந்தை வலது காலுக்கு அருகே வைத்துக்கொண்டார். கையை இடுப்புக்கு மேல் தூக்கவே இல்லை, பாதி வீச்சு. பந்து இரண்டு ஆள் உயரத்துக்கு மேல் எழும்பாமல், காற்றுக்கு அடியில் புகுந்து, கிரீனுக்கு முப்பது மீட்டர் முன்னால் விழுந்து, உருண்டு, ஏறி, கொடிக்குப் பக்கத்தில் போய் நின்றது. காலை முழுக்க அந்த மனிதர் ஏன் வானத்தை நோக்கி ஒரு பந்தும் அடிக்கவில்லை என்பது அப்போதுதான் விளங்கியது. இந்த மதியத்துக்காகவே ஆடிப் பழகிய கை அது.

காற்றைப் பற்றி அவரே சொன்னார், அதுவும் அடுத்த குழிக்கு நடந்துகொண்டே. எந்த மலைப் பள்ளத்தாக்கிலும் பகலில் காற்று கீழிருந்து மேலே ஏறும். சூடான மலைச்சரிவு அதை இழுக்கும். இரவில் மேலிருந்து கீழே இறங்கும். எங்காடினில் தலைகீழ். பட்டப்பகலில் காற்று மேலிருந்து கீழே வருகிறது. "எங்கள் பள்ளத்தாக்குக்குத் தலை கிடையாது, அதனால்தான்" என்றார். மற்ற பள்ளத்தாக்குகள் உயர்ந்துகொண்டே போய் ஒரு சிகரத்தில் முடியும். இது மெல்ல மெல்ல ஏறி 1,815 மீட்டரில் மலோயா கணவாய்க்குப் போனதும் சட்டென்று அறுந்துவிடுகிறது. அந்தப் பக்கம் செங்குத்தான இறக்கம், கீழே இத்தாலியைப் பார்த்த பிரெகாலியா பள்ளத்தாக்கு. அங்கே வெயிலில் சூடான காற்று சுவர் ஏறி வந்து, மேலே தடுக்க ஒன்றுமில்லாததால், கணவாய் வழியாக இந்தப் பக்கம் வழிகிறது. சில்ஸ் ஏரி, சில்வாப்லானா ஏரி என்று ஒவ்வொன்றாகக் கடந்து இங்கே வந்து சேர்கிறது. மலோயா காற்று என்று பெயர். சில்வாப்லானாவில் பாய்மரப் பலகையும் பட்டமும் வைத்துக்கொண்டு தண்ணீரில் ஓடுகிறவர்கள் காலையெல்லாம் கரையில் சும்மா படுத்திருப்பது இதற்காகத்தான். வானம் தெளிவாக இருக்கிற கோடை நாளில் இந்தக் காற்று ஏறக்குறைய சொன்ன நேரத்துக்கு வந்துவிடும். ரயில் ஓட்டியவர் சொன்னதால் அந்த நேரக் கணக்கில் எனக்கு நம்பிக்கை கூடுதல்.

மீதிக் குழிகளில் காலையில் கிடைத்ததையெல்லாம் காற்று வட்டியோடு திரும்ப வாங்கிக்கொண்டது. எதிர்க்காற்றில் 150 மீட்டர் 180 ஆனது. திரும்பி வரும் குழிகளில் அதே காற்று முதுகில் ஏறிக்கொண்டு பந்தைக் கிரீனுக்குப் பின்னால் கொண்டுபோய் எறிந்தது. ஒரே மைதானம், ஒரே நாள். ஆனால் மதியத்தில் ஆடியது வேறு ஆட்டம். அதை யார் வடிவமைத்தது? எண்பது கிலோமீட்டருக்கு மேல் நீளமான ஒரு பள்ளத்தாக்கும், அதன் அறுந்துபோன தலையும். காலையில் வெறும் காட்சியாக நின்ற மலை, மதியம் பந்தைக் கையில் எடுத்துக்கொண்டது. ரயிலில் திரும்பும்போது எனக்கு இருந்த கேள்வி சுருங்கி ஒரே வரியாகியிருந்தது: மலையை எடுத்துவிட்டால் இந்த மைதானத்தில் ஆட்டம் மாறுமா?

இந்தக் கேள்வியோடு ஆண்டர்மட்

அப்புறம் பார்த்த மைதானங்களில் இந்தக் கேள்விக்கு உரக்கப் பதில் சொன்னது ஆண்டர்மட். மூன்று பெரிய கணவாய்கள் வந்து சேரும் ஊர்: கோட்ஹார்ட், ஃபுர்கா, ஓபரால்ப். பல காலம் ஸ்விஸ் ராணுவத்தின் ஊராக இருந்தது. ராணுவம் ஆளைக் குறைத்துக்கொண்ட பிறகு, எகிப்தியத் தொழிலதிபர் சமீஹ் சவிரிஸ் வந்து விடுதிகளும் வீடுகளும் கட்டினார். கூடவே ஜெர்மானியரான குர்ட் ராஸ்க்னெஹ்ட் வடிவமைத்த 18 குழி மைதானம். 2016-இல் திறந்தார்கள். புது மைதானம், பெரும் பணம், ஆடம்பர விடுதி என்று கேட்டபோது எனக்கு ஆர்வமே வரவில்லை, உண்மையைச் சொன்னால்.

போய்ப் பார்த்தால் மரமே இல்லை. ஆல்ப்ஸில் மரமில்லாத மைதானம்! ஊர் இருக்கும் உர்செரன் பள்ளத்தாக்கு பல நூற்றாண்டுகளாகவே மொட்டை. வெட்டியது பாதி, பனிச்சரிவு அழித்தது மீதி. ஊருக்கு நேர் மேலே மட்டும் முக்கோண வடிவில் ஒரு சிறு காடு நிற்கும். அதில் ஒரு கிளையையும் ஒடிக்கக் கூடாது என்று ஊரார் 1397-இலேயே தடை எழுதி வைத்தார்கள்; அந்தக் காடு இல்லையென்றால் பனிச்சரிவு நேராக வீட்டு வாசலுக்கு வரும். இப்படி மரமற்ற வெளியில் காற்றைத் தடுக்க என்ன இருக்கிறது? தெற்கிலிருந்து ஃபோன் (Föhn) என்ற வெதுவெதுப்பான மலைக்காற்று கோட்ஹார்ட் வழியாக இறங்கும் நாளில் ஆடிப் பாருங்கள். உயரமான புல், பாறை முகடுகள், தாழ்வாக அடித்தால்தான் பிழைப்பு. ஸ்காட்லாந்துக் கடற்கரையில் ஆடுகிறவர்களுக்குப் பழகிய சங்கதி, 1,400 மீட்டருக்கு மேலே. பக்கத்திலேயே சின்ன சிவப்பு ரயில் பக்கத்து ஊரான ஹோஸ்பென்டால் நோக்கி ஓடிக்கொண்டிருக்கும். கிரான்ஸில் ஆடுவதற்கு ஆகும் பணத்தில் இங்கே ஆடுவதே மேல் என்பேன்.

பனிக்கு அடியில்

நான்கு மாதம், நல்ல வருடமென்றால் ஐந்து மாதம். உயர மைதானங்களுக்கு வாய்க்கும் காலம் அவ்வளவுதான். மே இறுதியில் திறந்து அக்டோபரில் மூடிவிடுவார்கள். மற்ற மாதங்களில் அதே ஃபேர்வேக்களில் ஊர்க்காரர்கள் பனிச்சறுக்குக் கட்டையோடு நீள நடை போவார்கள். கிரான்ஸில் குழந்தைகள் பனிச்சறுக்கு பழகுவது மைதானத்தின் ஒரு பகுதியில்தான்.

புல்லுக்குப் பனி பகையில்லை, போர்வை. ஆபத்து பனிக்கட்டியில் இருக்கிறது. குளிர்காலத்தின் நடுவில் ஒரு மழை பெய்து உறைந்தால் கிரீன் மேல் கண்ணாடிபோல ஒரு தகடு படிந்துவிடும். வாரக்கணக்கில் அப்படியே கிடந்தால் அடியில் புல் மூச்சுமுட்டிச் சாகும். பனி உருகும்போது வேறொரு தொல்லை: இளஞ்சிவப்பு ஓரம் கட்டிய வட்ட வட்டப் புள்ளிகள், பனிப்பூஞ்சை. மே மாதத்தில் ஒருமுறை சீக்கிரமாகப் போய்விட்டபோது பராமரிப்பாளர் ஒருவர் குனிந்து அப்படி ஒரு வட்டத்தை விரலால் கீறிக் காட்டினார். காய்ந்த பஞ்சு மாதிரி கையோடு வந்தது. பனியைச் சீக்கிரம் உருக்கக் கருமணல் தூவுவார்கள்; வெயிலைக் கருமை இழுத்துக்கொள்ளும். ஜூலையில் வந்து "கிரீன் கொஞ்சம் மெதுவா இருக்கே" என்று சலித்துக்கொள்கிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

இன்னொன்றும் இருக்கிறது, அதில் எனக்கு இன்னும் தெளிவில்லை. மலைநாட்டில் தட்டை நிலம் என்பது தங்கம். பள்ளத்தாக்கின் அடியிலிருக்கும் அந்தப் புல்வெளிதான் ஆறு மாதக் குளிருக்கு மாட்டுக்கு உலர்ந்த தீவனப்புல். அதில் பதினெட்டுக் குழி தோண்ட அனுமதி கேட்டால் விவசாயிக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்? இந்த நாட்டில் இதெல்லாம் ஊர் வாக்கெடுப்புக்குப் போகும். கோல்ஃப் திட்டங்கள் அங்கே தோற்றதும் உண்டு. நானும் மட்டையைத் தூக்கிக்கொண்டு அலைகிறவன்தான். ஆனாலும் நான் அந்த ஊர்க்காரனாக இருந்தால் எந்தப் பக்கம் கை தூக்கியிருப்பேன் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. சமேடன், கிரான்ஸ் எல்லாம் நூறு வருடத்துக்கு முந்திய கணக்கு; இன்று புதிதாகக் கேட்டால் கிடைத்திருக்குமா என்பது சந்தேகமே.

உச்சியில் ஒன்பது

நிலப் பிரச்சினை இல்லாத ஒரு குட்டி மைதானத்தையும் சொல்லிவிடுகிறேன். ரீடரால்ப். ஏறக்குறைய 2,000 மீட்டர் உயரம், ஒன்பதே குழி. ஊருக்குள் கார் கிடையாது. கீழே பள்ளத்தாக்கிலிருக்கும் மோரெலிலிருந்து கேபிள் காரில்தான் ஏற வேண்டும். நான் போன அன்று என் பைக்கு ஒரு பக்கம் மளிகைக் கூடை, மறுபக்கம் யாரோ ஒருவருடைய சலவை இயந்திரம். முகட்டுக்கு அப்பால் ஏறக்குறைய இருபது கிலோமீட்டர் நீளும் அலெட்ச் பனியாறு. ஐரோப்பாவின் மிக உயரமான மைதானங்களில் ஒன்று என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். ஐரோப்பாவில் சரி. ஊட்டியிலும் கொடைக்கானலிலும் ஆடுகிறவர்கள் இதைவிட உயரத்தில்தான் ஆடுகிறார்கள். அவர்களுக்கு அது தெரியுமா என்றே தெரியாது. நீளமான குழி ஒன்றும் இல்லை, சில இடங்களில் சமமாக நிற்கக்கூட முடியாது. ஒரு கால் மேட்டில், ஒரு கால் பள்ளத்தில் வைத்துத்தான் அடிக்க வேண்டும். நல்ல மைதானமா என்றால் இல்லை. மலையை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும் என்றால், ஒன்றுமே மிஞ்சாது. அதனாலேயே எனக்குப் பிடிக்கும்.

வருகிறவர்களுக்கு நடைமுறை விஷயம் இரண்டு. ஒன்று, இங்கே கைவீசிக்கொண்டு போய் ஆட முடியாது. உங்கள் ஆட்டத் தரத்தை எண்ணில் சொல்லும் ஹேண்டிகேப் சான்று உங்கள் கிளப்பிலிருந்து வேண்டும். அது இல்லாதவர்களுக்கு, களத்தில் ஆடத் தகுதி உண்டு என்று தேர்வு எழுதி, ஆடிக் காட்டி வாங்கும் சீட்டு வேண்டும். நான் அதை வாங்கியது அரிசி, பால் வாங்குகிற அதே மிக்ரோஸ் கடைக்காரர்கள் தொடங்கிய கோல்ஃப் பூங்காவில். இன்னொன்று, சமேடனில் முன்பதிவு செய்யும்போது காலை நேரங்கள்தான் முதலில் தீர்ந்துபோகும். காற்றுக்கு முன்னால் முடித்துவிடலாம் என்று எல்லோரும் எட்டு மணிக்கும் ஒன்பது மணிக்கும் முண்டியடிப்பார்கள். ஒரு மணிக்கு மேல் கேளுங்கள், பெரும்பாலும் இடம் இருக்கும். காற்றுத் தடுக்கும் மேல்சட்டை ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள், பையில் நீளமான கிளப் ஒன்று கூடுதலாக இருக்கட்டும், தொப்பியை மட்டும் வண்டியிலேயே விட்டுவிடுங்கள்.